நாற்பத்தைந்தாயிரம் ரூபாயில் ஒரு விளையாட்டுக் கணினி

காலம் மாற மாறப் பிள்ளைகளின் ஆசைகளும் மாறுகின்றன. நம் பாட்டனார் காலத்துச் சிறுவர் பம்பரமும் கோலிக்குண்டும் கேட்டனர். நம் தந்தையார் காலத்தில் சைக்கிள் கேட்டனர். நாம் சிறுவராய் இருந்தபோது தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுமென்று அழுதோம். இன்று மலைத் தோட்டத்து லயங்களிலும், எல்லையோரச் சிற்றூர்களிலும் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் கேட்பது யாதெனில், ‘கேமிங் கம்ப்யூட்டர்’ எனப்படும் விளையாட்டுக் கணினியே ஆகும்.

இக்கேள்வி எழும்போது நம் வீடுகளில் இருவகை விடைகள் பிறக்கின்றன. “விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?” என்று சினந்து மறுப்பது ஒன்று. பிள்ளை மனம் வாடக் கூடாதென்று, கடைக்காரர் காட்டிய பெட்டியைக் கடன் வாங்கியேனும் வாங்கிக் கொடுப்பது மற்றொன்று. பொருளின் தன்மையை அறியாமல் செய்வதில் இரண்டும் ஒன்றே. ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று குடும்பத்தார் கூடியிருந்து கேட்டறிந்து, பிறகு பணத்தைப் பகுத்தால், சிறிய தொகையிலும் நல்ல கணினி ஒன்றைச் சேர்க்க முடியும். 2024-ஆம் ஆண்டில் நம் வீட்டில் அவ்வாறு ஒன்றைச் சேர்த்தோம். அதன் வரவு செலவையும், ஒவ்வொன்றையும் கொண்டதற்கும் தள்ளியதற்கும் உரிய காரணங்களையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

நம் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இடுக்கி மலை ஏறிய பல்லாயிரம் குடும்பங்களுள் ஒன்று. நாம் தமிழ்வழிப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இப்போது பாலக்காட்டில் ஒலவக்கோட்டுக்கு அருகே வாடகை வீட்டில் இருக்கிறோம். நம் அக்காள் மூணாற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்றும் கொழுந்து எடுக்கிறார். அவருடைய மகன் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தது முதல் நம் வீட்டில் தங்கிப் படித்து வருகிறான். கணினி கேட்டவன் அவனே.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். அக்காள் சீட்டுக் கட்டிச் சேர்த்ததும், போனசில் மிஞ்சியதுமாக 35,000 ரூபாய். நாம் சேர்த்துக் கொண்டது 10,000 ரூபாய். ஆக 45,000. தோட்டத்துப் பெண்களுக்குப் போனஸ் என்பது எத்தகைய பணம் என்பதை மூணாற்றுத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் 20 சதவீதப் போனஸ் கேட்டுப் பல்லாயிரம் பெண்கள் மூணாற்று வீதியில் அமர்ந்து போராடியதை நாடே பார்த்தது. அன்று அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். அத்தகைய உழைப்பில் சேர்ந்த பணத்தை நம்மிடம் ஒப்படைத்தபோது அக்காள் தொலைபேசியில் கூறியது இவ்வளவே: “தம்பி, பய ரொம்ப ஆசப்படுறான். வெட்டிச் செலவுன்னு உனக்குத் தோணுச்சுன்னா வேணாம்னு சொல்லிரு. வாங்குறதா இருந்தா ஒத்தக் காசு வீணாகாம வாங்கு.”

இதனால் முடிவு செய்யும் பொறுப்பு நம் தலையில் அமர்ந்தது. நம் இல்லாளுக்கு இதில் உடன்பாடில்லை. “படிக்கிற பிள்ளைக்கு விளையாட ஒரு பெட்டியா?” என்று அவர் மருமகனை நேராகவே கேட்டார். அவன் தலை குனிந்து நின்றானே தவிரப் பொய் சொல்லவில்லை. “விளையாடத்தான் அத்தை கேட்டேன். படிப்புக்குன்னு சொல்லி ஏமாத்த மாட்டேன். ஆனா ரெண்டுக்கும் ஆகும்” என்றான். அந்த விடை நம் இல்லாளின் மனத்தைப் பாதி மாற்றிற்று.

அவன் கூறியதிலும் உண்மை உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் 2001 முதலே கணினிக் கல்விக்கென ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் நடந்து, பின்னர் ‘கைட்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பிள்ளைகள் அசைபடம் செய்யவும் நிரல் எழுதவும் கற்கின்றனர். அம்மன்றத்தில் இருந்தவன் நம் மருமகன். பள்ளிக் கணினியில் பாதியில் நிறுத்திய வேலையை வீட்டில் தொடர அவனிடம் கைப்பேசி அன்றி வேறு கருவி இல்லை. விளையாட்டுக்கெனச் சேர்க்கப்படும் கணினி இவ்வேலைகளைத் தாராளமாகச் செய்யும். எனவே வாங்குவதென்று முடிவு செய்தோம். நிபந்தனை ஒன்றே விதித்தோம்: பணம் வைத்து ஆடும் எந்த ஆட்டமும் அதில் நுழையலாகாது. பின்னர் 2025 ஆகஸ்டில் இத்தகைய இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமே இயற்றியது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

இனி உறுப்புகளுக்கு வருவோம். விளையாட்டுக் கணினிக்கு ஏன் இத்துணை விலை என்ற வினாவுக்குச் சிறு கணக்கு ஒன்றே விடை தரும். சாதாரண மானிட்டரின் திரை குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகளால் ஆனது. பெருக்கினால் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். படம் தடையின்றி ஓட நொடிக்கு 60 முறை அத்திரை புதிதாக வரையப்பட வேண்டும். ஆகவே ஒரு நொடியில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டியிருக்கிறது. பிராசஸர் என்னும் மூளைச் சில்லு பல்வகை வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து செய்ய வல்லது. ஒரே வகையான எளிய கணக்கைக் கோடிக் கணக்கில் ஒருங்கே செய்வதற்கு வேறு வகைச் சில்லு வேண்டும். அதுவே கிராபிக்ஸ் கார்டில் இருப்பது. 1993-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்விடியா நிறுவனம் 1999-இல் ‘ஜீபோர்ஸ் 256’ என்ற கார்டை வெளியிட்டபோது இவ்வகைச் சில்லுக்கு ‘ஜி.பி.யு.’ என்ற பெயரைப் பரப்பிற்று. இன்று செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கும் அதே வகைச் சில்லுகளே பயன்படுவதால் அவற்றுக்கு உலகெங்கும் பெருந்தேவை இருக்கிறது.

மருமகன் முதலில் எழுதிக் கொண்டு வந்த பட்டியலில் இந்தக் கார்டுக்கே முதலிடம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘ஆர்.எக்ஸ். 6600’ என்னும் கார்டு, அக்காலத்தில் ஏறத்தாழ 20,500 ரூபாய். அதனுடன் இன்டெல் ‘ஐ3-12100எப்’ பிராசஸர் 7,500, அதற்குரிய மதர்போர்டு 5,800, மற்றவையும் சேர்த்துக் கூட்டினால் பெட்டி மட்டும் 47,000 ரூபாய் ஆயிற்று. மானிட்டரும் விசைப்பலகையும் சேர்த்தால் 55,000. கையிலிருந்ததற்கு மேல் பத்தாயிரம். பட்டியலில் பிழையொன்றும் இல்லை. பணம் இருப்பவர்க்கு அது நல்ல பட்டியலே. ஆனால் அந்தப் பிராசஸரின் பெயர் இறுதியிலுள்ள ‘எப்’ என்னும் எழுத்துக்குப் பொருள், அதனுள் படம் வரையும் பகுதி இல்லை என்பதாகும். தனிக் கார்டு இன்றி அக்கணினி திரையில் ஓர் எழுத்தையும் காட்டாது. எனவே கார்டைப் பிறகு வாங்கிக் கொள்வோம் என்று தள்ளி வைக்கவும் அதில் வழியில்லை.

பத்தாயிரத்தைக் குறைக்க மூன்று வழிகள் தென்பட்டன. முதலாவது, இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் ‘ஐ7 கேமிங் பி.சி.’ வகைப் பெட்டி. இருபதாயிரத்துக்கும் குறைவாகக் கிடைக்கிறது; வண்ண விளக்குகள் மின்னுகின்றன. ஆனால் ஐ7 என்பது குலப்பெயர் போன்றது. எந்தத் தலைமுறை என்று கேட்காவிட்டால் பெயரால் பயனில்லை. அப்பெட்டிகளுள் பலவற்றில் இருப்பது 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11 கோரும் தகுதிப் பட்டியலில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அப்பெட்டிகளில் ‘2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் ‘ஜி.டி. 730’ போன்ற பழைய கார்டு. அது 2014-இல் வந்தது. நல்ல பிராசஸர் ஒன்றின் உள்ளேயே அடங்கியிருக்கும் படப்பகுதிக்கும் அது ஈடாகாது. ஆகவே இவ்வழியை விலக்கினோம்.

இரண்டாவது, பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் ‘ஆர்.எக்ஸ். 580’ கார்டு 6,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இருபதாயிரத்து ஐந்நூறுக்கு மாறாக ஆறாயிரம் என்றால் எவர்க்கும் ஆசை பிறக்கும். ஆனால் இத்தகைய கார்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஈதர் என்னும் மின்நாணயத்தை ஈட்டுவதற்காக உலகெங்கும் கொட்டகைகளில் இலட்சக்கணக்கான கார்டுகளை இரவு பகலாக ஓட்டி வந்தனர். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் வலையமைப்பு தன் முறையை மாற்றியதும் அவ்வேலை ஒரே நாளில் நின்றது. வேலையிழந்த கார்டுகள் பழைய பொருட்சந்தைக்கு வந்து சேர்ந்தன. மேலும் 2018-இல் சீனச் சந்தைக்காக வெளியான, ஆற்றல் குறைந்த வேறொரு வகையும் அதே 580 என்ற எண்ணைத் தாங்கி வருகிறது. உண்மையான 580-இல் 2304 கணக்கிடும் கூறுகள் இருக்க, அதில் 2048 மட்டுமே உண்டு. அக்கடைக்காரர் நேர்மையானவர். “கார்டு ஓடுதுங்க. ஆனா இதுக்கு முன்னாடி எங்க ஓடுச்சுன்னு எனக்கே தெரியாதுங்க. வாரண்டி கேக்காதீங்க” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பழைய கார்டுகளில் நல்லவையும் உண்டு. சோதித்துப் பார்க்கும் கைப்பழக்கமும், பழுதானால் தாங்கும் பணமும் இருப்பவர் வாங்கலாம். கொழுந்து எடுத்த பணத்தை அவ்வாறு பந்தயம் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழியையே தேர்ந்தோம். படப்பகுதியைத் தன்னுள்ளேயே வலுவாகக் கொண்ட பிராசஸர் ஒன்றை இன்று வாங்குவது. தனிக் கார்டுக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டு, பணம் சேர்ந்தபின் அதனைப் பொருத்துவது. அவ்வகையில் ஏ.எம்.டி.யின் ‘ரைசன் 5 5600ஜி’ நமக்கு ஏற்றதாக அமைந்தது. 2021-இல் வந்த அது ஆறு கூறுகள் கொண்டது. விலை 12,000 ரூபாய். புதிய பெரிய ஆட்டங்களை உயர்ந்த தரத்தில் அது காட்டாது என்பதை மருமகனிடம் முன்னரே தெளிவாகக் கூறினோம். எளிய ஆட்டங்களும், சில ஆண்டுகளுக்கு முந்திய ஆட்டங்களும், அமைப்புகளைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும்.

பிராசஸரைத் தேர்ந்தபின் மதர்போர்டைத் தேர்வதில் ஒரு விதி உண்டு. அதை நம் ஊர்ப் பாதையை வைத்தே விளக்கலாம். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த வரையில் பிராட் கேஜ் வண்டி எதுவும் அதில் நுழைய இயலவில்லை. 2015-இல் அகலப் பாதையாகத் திறந்த பிறகே அது கூடிற்று. வண்டி எவ்வளவு நல்லதாயினும் பாதையின் அகலம் ஒத்திருக்க வேண்டும். அதுபோலவே பிராசஸர் அமரும் இருக்கையும் ஒத்திருக்க வேண்டும். 5600ஜி அமர்வது ‘ஏ.எம்.4’ என்னும் இருக்கையில், அதற்கு டி.டி.ஆர்.4 வகை நினைவகம். 2022-இல் வந்த ‘ஏ.எம்.5’ இருக்கைக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். ஒன்றில் மற்றொன்றைச் செருக முடியாது. நாம் வாங்கியது ‘பி450’ வகை மதர்போர்டு, 6,500 ரூபாய். இவ்வகையில் பழைய சரக்கு கடையில் தேங்கியிருந்தால் அதிலுள்ள அடிப்படை நிரல் புதிய பிராசஸரை அறியாதிருக்கக்கூடும். ஆதலால் கடையிலேயே பொருத்தி, திரை ஒளிர்வதைப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

நினைவகத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் இதனைக் கவனிப்பதில்லை. தனிக் கார்டில் அதற்கென நினைவகம் உண்டு. 5600ஜி போன்றவற்றில் படப்பகுதியும் கணினியின் பொது நினைவகமான ராமையே பங்கிட்டுக் கொள்கிறது. எனவே 8 ஜி.பி. போதாது, 16 ஜி.பி. வேண்டும். அதிலும் 16 ஜி.பி. கொண்ட ஒரே அட்டையை வாங்குவதைவிட, 8 ஜி.பி. அட்டைகள் இரண்டை வாங்கி உரிய துளைகளில் செருக வேண்டும். ஒற்றைப் பாதையில் ஓடும் போக்குவரத்துக்கும் இரட்டைப் பாதையில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. விலையில் மாற்றம் மிகச் சிறிது. ஆட்டத்தின் வேகத்திலோ மாற்றம் கண்ணுக்கே தெரியும். இரண்டு அட்டைகளும் சேர்ந்து 3,200 ரூபாய் ஆயின. சேமிப்புக்கு 500 ஜி.பி. கொண்ட என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி., 3,200 ரூபாய். இன்றைய பெரிய ஆட்டம் ஒன்றே நூறு ஜி.பி. இடம் கேட்கும். ஆகவே ஒரே சமயத்தில் மூன்று அல்லது நான்கு ஆட்டங்களே வைத்துக் கொள்வது என்று வரையறுத்தோம். அது அவன் நேரத்துக்கும் நல்லதே.

அடுத்து, எவரும் ஆசைப்படாத உறுப்பு ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பவர் சப்ளை, கடைக்காரர் மொழியில் எஸ்.எம்.பி.எஸ்., என்பதுதான் அது. கேபினட் வாங்கினால் பெயர் தெரியாத ஒன்றை இலவசமாகத் தருகின்றனர். வேகத்தை அது கூட்டுவதில்லை. ஆனால் அது கெட்டுப் போகும்போது மற்ற உறுப்புகளையும் உடன் அழித்துச் செல்லக்கூடும். ‘80 பிளஸ்’ என்ற சான்று, வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வீணாக்காமல் உறுப்புகளுக்குக் கொடுக்கும் திறன் உடையது என்பதைக் காட்டும். நாம் 550 வாட் கொண்ட, ‘80 பிளஸ் பிரான்ஸ்’ சான்று பெற்ற ஒன்றை 4,200 ரூபாய்க்கு வாங்கினோம். இன்றைய தேவைக்கு அதில் பாதியே போதும். ஆனால் பின்னர் வரவிருக்கும் ஆர்.எக்ஸ். 6600 கார்டு தனியாக 132 வாட் கேட்கும். அன்று இதை மாற்ற நேர்ந்தால் இன்று கொடுத்த பணம் வீண். அதற்காகவே முன்கூட்டி இடம் விட்டோம்.

யு.பி.எஸ். ஒன்று 3,500 ரூபாய்க்கு வாங்கியதைக் கண்டு மருமகன் முகம் சிறிது வாடிற்று. அப்பணத்தை வேறு உறுப்பில் போட்டிருக்கலாமே என்று அவன் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் இந்தக் கணினி படிப்பு முடிந்ததும் மலைக்குச் செல்ல வேண்டியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசலில்தான் எழுந்தது. ஆயினும் தென்மேற்குப் பருவமழையில் மரம் முறிந்து கம்பி மீது விழுந்தால், மின்சாரம் பிறந்த மலைக்கும் இருட்டுத்தான். மின்சாரம் போய் வரும் அந்த நொடிகளே கணினிக்கு ஆபத்தானவை. பத்து நிமிடம் தாங்கினாலும், வேலையைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும். இதை எடுத்துச் சொன்னபோது, “எங்க வீட்டுக்குப் போகப் போற பெட்டின்னு நீங்க யோசிச்சிருக்கீங்க மாமா. நான் யோசிக்கவே இல்ல” என்றான்.

எஞ்சியவை எளியவை. கேபினட் சிறிய அளவில் 2,600 ரூபாய். இடுக்கி மாவட்டத்துக்கு இன்றளவும் இரயில் வசதி இல்லை. மூணாற்றில் 1908 முதல் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு இரயிலையும் 1924 பெருவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. ஆகவே உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியே வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் மடிமீது வைத்துக் கொண்டு போகத்தக்க அளவே வேண்டும் என்று அளந்து பார்த்து வாங்கினோம். மானிட்டர் 7,000, விசைப்பலகையும் சுட்டியும் 1,000. கூட்டினால் 43,200 ரூபாய். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்குச் சென்று வந்த செலவும் உணவும் 300. மிஞ்சியது 1,500.

வேகம் பற்றி ஒரு சொல். வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே யானைகள் பாதையைக் கடப்பதால் இரவில் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. எத்துணை விரைவான எஞ்சினாயினும் அவ்விடத்தில் மெல்லத்தான் போக வேண்டும். கணினியிலும் அவ்வாறே. வலிமை குறைந்த உறுப்பு எதுவோ, அதன் வேகமே ஆட்டத்தின் வேகம். ஓர் உறுப்புக்கு மட்டும் பணத்தைக் கொட்டி மற்றவற்றைக் கைவிட்டால், கொட்டிய பணம் பயன் தராமல் உறங்கும்.

இது நிற்க. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கும் பணம் வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். விண்டோஸ் உரிமத்தை முறையாக வாங்க நம்மிடம் பணம் இல்லை. திருட்டுப் படியை வீட்டில் ஏற்ற விருப்பமும் இல்லை. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளான லினக்ஸே பயன்படுவதால் மருமகனுக்கு அது பழகியது. அதையே நிறுவினான். 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘புரோட்டான்’ என்னும் நிரலால், விண்டோசுக்கென எழுதப்பட்ட ஆட்டங்களுள் மிகப்பல லினக்சிலும் ஓடுகின்றன. ‘டோட்டா 2’ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவன் நண்பர்கள் ஆடும் ‘வாலரண்ட்’ மட்டும் லினக்சில் ஓடாது. அதை இழப்பது அவனுக்கு வருத்தமே. ஆயினும் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று எழுதி வைத்துத் தேர்ந்ததால் அவன் முணுமுணுக்கவில்லை.

உறுப்புகளைக் கடையில் ஒருமுறை பொருத்திச் சோதித்த பின், வீட்டுக்குக் கொண்டு வந்து மருமகனே மீண்டும் பிரித்துப் பொருத்திப் பழகினான். நம் இல்லாள் அருகிலிருந்து திருகாணிகளைக் கிண்ணத்தில் எண்ணி வைத்தார். எல்லா ரசீதுகளையும் படமெடுத்து அக்காளுக்கு அனுப்பினோம். எந்தப் பொருளுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் தமிழில் எழுதி உடன் வைத்தோம். மிஞ்சிய 1,500 ரூபாயையும் அவருக்கே திருப்பி அனுப்பினோம். அவர் அதைப் பெற்றுக் கொள்ள மறுத்து, கிராபிக்ஸ் கார்டுக்கான முதல் தவணையாக மகன் பெயரிலேயே வைக்கச் சொன்னார்.

அந்தக் கார்டை இன்னும் வாங்கவில்லை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவிப்பதால் ராம் விலை ஏறியது. நாம் 3,200 கொடுத்த வகையின் விலை இருமடங்கைத் தாண்டிற்று. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்று வந்த ‘குருஷியல்’ வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே மேலே கூறிய விலைகளை இன்றைய விலையென்று கொள்ளலாகாது. கடைக்குப் போகும் முன் குறைந்தது மூன்று இடங்களில் விலை கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். விலைகள் மாறினாலும், பகுத்துப் பார்க்கும் முறை மாறுவதில்லை.

வாசக அன்பர்களுக்குச் சுருக்கமாகக் கூறுவது இது. முதலில் மொத்தத் தொகையை எழுதி, மானிட்டர், யு.பி.எஸ்., பயணச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். பெயரை நம்பாமல் தலைமுறையையும் ஆண்டையும் கேளுங்கள். இருக்கையும் நினைவக வகையும் ஒத்திருப்பதை உறுதி செய்யுங்கள். ராமை இரண்டு அட்டைகளாக வாங்குங்கள். பவர் சப்ளையில் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. ரசீது பெறுங்கள், ரசீது இல்லையேல் உத்தரவாதம் வெறும் வாய்ச்சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

நம் மருமகன் இப்போது பிறர்க்குப் பட்டியல் எழுதித் தருகிறான். தோட்டத்திலிருந்து அவனுடைய பழைய நண்பர்கள் அழைத்து, இன்ன தொகை இருக்கிறது, என்ன வாங்கலாம் என்று கேட்கின்றனர். அவன் முதலில் கேட்கும் கேள்வி, “அந்தப் பணம் யாரோடது?” என்பதாம். தாயின் உழைப்பை ரூபாய்க் கணக்கில் ஒருமுறை உறுப்பு உறுப்பாகப் பார்த்தவன் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. நம் பிள்ளைகள் விளையாடட்டும். தங்கள் விளையாட்டின் விலையையும் அறிந்து விளையாடட்டும்.